ஒரே எண்ணெயில் ஒரு கார்: சிட்ரோயன் டி.எஸ். சஸ்பென்ஷன் பற்றிய நிகழ்வு ஆய்வு

1955 அக்டோபர் 6 அன்று பாரிஸ் கார் கண்காட்சியில் சிட்ரோயன் நிறுவனம் டி.எஸ். 19 என்ற காரைக் காட்சிக்கு வைத்தது. அன்று மாலைக்குள் 12,000 பேர் முன்பதிவு செய்துவிட்டார்கள். ஆனால் முதலில் கார் கைக்கு வந்தவர்களில் பலர் சீக்கிரமே ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. எஞ்சினால் வந்த தொல்லை இல்லை அது. எஞ்சின் பழைய மாடலிலிருந்து எடுத்த, நன்கு பழகிய 1,911 சி.சி. நாலு சிலிண்டர். சஸ்பென்ஷன் (காரின் எடையையும் சாலையின் குலுக்கலையும் தாங்கும் அமைப்பு), பிரேக், ஸ்டியரிங், கிளட்ச் எல்லாவற்றையும் சேர்த்து இயக்கிய எண்ணெய்க் குழாய் வழியில்தான் கசிவும் அடைப்பும்.

காரின் அழகைப் பற்றியும் சொகுசைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்தப் பழுதுக்கு எது வேர், அது தீர 11 ஆண்டு ஏன் ஆனது என்ற அளவோடு இந்த ஆய்வு நிற்கிறது. பொதுப் பதிவில் உள்ள ஓரிருவரைத் தவிர மெக்கானிக்குகளும் வாங்கியவர்களும் இங்கே பெயரில்லாமல்தான் வருவார்கள்.

பின்னணி

1930களின் நடுவில் சிட்ரோயன் கடனில் மூழ்கி மிஷ்லின் டயர் நிறுவனத்தின் கைக்குப் போனது. நிர்வாகத்துக்கு வந்த பியர்-ஜூல் புலான்ஜே, கிராமத்து விவசாயிகளுக்கு ஒரு மலிவான கார் வேண்டும் என்றார். பின்னாளில் 2 சி.வி. என்று பெயர் பெற்ற கார் அது. இரண்டு பேரும் 50 கிலோ மூட்டையும் ஏற வேண்டும், உழுத நிலத்தில் ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

கேட்பதற்கு எளிது. ஆனால் கார் எடை குறையக் குறைய ஸ்பிரிங் போடுகிறவனுக்குத் தலைவலி கூடும். ஒன்றரை டன் காரில் நாலு பேர் ஏறினால் எடை ஐந்தில் ஒரு பங்கு கூடும். 500 கிலோ காரில் அதே நாலு பேர் ஏறினால் பாதிக்கு மேல் கூடிவிடும். எஃகு ஸ்பிரிங்கின் விறைப்பு மாறுவதே இல்லை. காலிக் காருக்கு இதமாக இருக்கும்படி மெலிதாகப் போட்டால், ஆள் ஏறியதும் பின்பக்கம் தரையைத் தொடும். நிறைபாரத்துக்குப் போட்டால், தனியாக ஓட்டுகிறவரின் முதுகு உடையும்.

இந்தச் சிக்கல் போல் மஜெஸ் என்பவரிடம் வந்தது. 1925-இல் 17 வயதில் சிட்ரோயனில் வேலைக்குச் சேர்ந்தவர், பொறியியல் பட்டம் இல்லாதவர், பிரேக்குகளில் வேலை பார்த்துப் பழகியவர். பிரேக் ஆள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் தேர்ந்த எண்ணெய்க்கு அதிலேயே விடை இருக்கிறது என்பது என் கருத்து.

தீர்வின் உள்ளே

ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்திருந்த போர்க்காலத்தில் மஜெஸ் போட்ட திட்டம் இது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அடைத்த வாயுவை வைப்பது. வாயுவை நேரடியாகத் தாங்கவிடாமல், நடுவே எண்ணெயை வைப்பது. சக்கரம் மேலே வரும்போது ஒரு பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் ஓர் எஃகு உருண்டைக்குள் போகும். உருண்டை நடுவே ரப்பர்ச் சவ்வு, அதற்கு அப்பால் நைட்ரஜன். எண்ணெய் அமுங்காது, நைட்ரஜன் அமுங்கும். உருண்டையின் கழுத்தில் ஒரு சின்ன வால்வு வைத்தால் எண்ணெய் அதன் வழியே நெருங்கிப் போக வேண்டியிருக்கும். அந்தத் தடையே ஆட்டத்தை அடக்கும், தனியாக ஷாக் அப்சார்பர் வேண்டாம்.

இதுவரை சொன்னது ஒரு நல்ல ஸ்பிரிங் மட்டுமே. அதைத் தானாகவே மட்டம் பிடிக்கும் சஸ்பென்ஷனாக்கியது உயரத் திருத்தி என்ற வால்வு. கையடக்கமான ஓர் உருளைக்குள் ஒரு தண்டு. இடப்புறச் சக்கரத்தையும் வலப்புறச் சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குக் கம்பியின் நடுவிலிருந்து ஓர் இணைப்பு அந்தத் தண்டுக்கு வரும். ஆள் ஏறி கார் தாழ்ந்தால் தண்டு ஒரு பக்கம் நகரும், பம்பிலிருந்து எண்ணெய் உள்ளே வரும், கார் பழைய உயரத்துக்கு எழும். ஆள் இறங்கினால் தண்டு மறுபக்கம் நகர்ந்து எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும். இணைப்பு கம்பியின் நடுவில் இருப்பதால் ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது வால்வு ஏமாறாது.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் வால்வு திறந்து மூடினால் பம்ப் தாங்காது, காரும் ஊசலாடும். அதனால் தண்டின் இரு முனையிலும் எண்ணெய் நிறைந்த சிற்றறைகள். தண்டு நகர வேண்டுமானால் ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்கு எண்ணெய் மெல்ல ஊர்ந்து போக வேண்டும். பள்ளம் கடந்து போய்விடும், தண்டு அசைந்தே இருக்காது. சில நொடிகள் நீடிக்கும் மாற்றத்துக்குத்தான் அது இடம்கொடுக்கும். இந்த முழு அமைப்பிலும் எனக்கு மிகப் பிடித்த பாகம் இதுதான். மின்சாரமோ கணினியோ இல்லாமல், பள்ளத்தையும் பாரத்தையும் பிரித்தறிகிற பாகம்.

கணக்கும் ஒத்துவருகிறது. உருண்டைக்குள் நைட்ரஜனின் அளவு மாறாது. பாரம் இரு மடங்கானால் அழுத்தம் இரு மடங்காகும், வாயுவின் கொள்ளளவு பாதியாகும், விறைப்பு நாலு மடங்காகும். காலிக் கார் மென்மையாகவும் பாரம் ஏறிய கார் விறைப்பாகவும் இருக்கும். எஃகு ஸ்பிரிங்கால் இது முடியாது.

முதல் முடிவு: சின்ன காரிலிருந்து பெரிய காருக்கு

2 சி.வி.க்கு இது கட்டுப்படியாகாது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. பம்பும் வால்வும் உருண்டைகளும் காரின் விலையையே தின்றுவிடும். அந்தக் காருக்கு முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று பிணைந்த சாதாரணச் சுருள் ஸ்பிரிங் போதும் என்று விட்டார்கள். அது சரியான முடிவு, 2 சி.வி. 1990 வரை ஓடியதே சாட்சி. எண்ணெய்-வாயு சஸ்பென்ஷனை அடுத்த பெரிய காருக்கு ஒதுக்கினார்கள். அந்தக் காரின் தலைமைப் பொறியாளர் ஆந்த்ரே லெஃபேவ்ர், உருவத்தைச் செதுக்கியவர் ஃபிளமினியோ பெர்தோனி. புலான்ஜே 1950-இல் கார் விபத்தில் இறந்துபோனாலும் திட்டம் நிற்கவில்லை.

இரண்டாம் முடிவு: பின் ஆக்சிலில் மட்டும் ஒரு சோதனை

1954-இல் நிறுவனம் தன் பழைய ஆறு சிலிண்டர் காரான 15-சிக்ஸில் பின்சக்கரங்களுக்கு மட்டும் இந்தச் சஸ்பென்ஷனைப் பொருத்தி விற்றது. முன்பக்கம் வழக்கமான முறுக்குக் கம்பிதான், முறுகி ஸ்பிரிங் வேலையைச் செய்யும் எஃகுத் தண்டு. பின்சீட்டும் டிக்கியும் இருப்பதால் பாரம் அதிகம் மாறுவது பின்னால்தான். அங்கே பழுதானாலும் காரின் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கெடாது. வாடிக்கையாளர் கையில் எப்படித் தாங்குகிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழி இருக்க முடியாது.

குறை எங்கே என்றால், டி.எஸ். வெளிவர ஒன்றரை ஆண்டுகூட இல்லை. அதைவிட முக்கியம், சோதித்தது சஸ்பென்ஷன் ஒன்றை மட்டுமே. அடுத்து வந்த காரில் அதே எண்ணெய் இன்னும் பல வேலைகளைச் செய்யப் போகிறது என்பதற்கு 15-சிக்ஸ் எந்தச் சான்றும் தரவில்லை.

மூன்றாம் முடிவு: எல்லாம் ஒரே வழியில்

டி.எஸ். 19-இல் எஞ்சினோடு பெல்ட்டில் ஓடும் ஏழு பிஸ்டன் பம்ப் ஒன்று எண்ணெயை ஏறத்தாழ 170 பார் (வளிமண்டல அழுத்தத்தைப் போல 170 மடங்கு அளவு) அழுத்தத்துக்கு ஏற்றி ஒரு சேமிப்பு உருண்டையில் வைத்தது. அங்கிருந்து நாலு சக்கரச் சஸ்பென்ஷன், பவர் ஸ்டியரிங், பிரேக், கியர் மாற்றம், கிளட்ச் எல்லாம் எண்ணெய் எடுத்துக்கொண்டன. பிரேக் பெடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரப்பர்க் குமிழ் மட்டும்.

இந்த முடிவைப் பேராசை என்று தள்ளிவிடுவது எளிது. அதில் நியாயம் இருந்தது. இவ்வளவு அழுத்தத்தில் எண்ணெய் ஏற்கெனவே காரில் இருக்கும்போது ஸ்டியரிங்குக்குத் தனி பம்ப் எதற்கு? முன்சக்கர இழுவைக் காரில் எடை முன்னால் குவிவதால் ஸ்டியரிங்குக்கு உதவி தேவைப்பட்டதும் உண்மை. பிரேக் விஷயத்தில் லாபம் இன்னும் பெரிது. பின் சஸ்பென்ஷனில் எவ்வளவு அழுத்தம் என்பதை வைத்தே பின்னால் எவ்வளவு பாரம் என்று தெரிந்துவிடும். அந்த அழுத்தத்தை ஒரு குழாயில் கொண்டுவந்து, முன் பின் பிரேக்குகளுக்கிடையே பங்கைப் பிரிக்கும் பொறுப்பை அதனிடமே விட்டார்கள். 1955-இல் வேறு கார்களில் பாரத்துக்கேற்ப பிரேக் பிரிந்ததாகத் தேடினாலும் எளிதில் கிடைக்காது.

பிரேக்குக்குத் தனிச் சேமிப்பு உருண்டை வைத்ததும், அழுத்தம் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு வைத்ததும் முன்யோசனைதான். ஆனால் எண்ணெய் ஒன்றே. அது கெட்டால் எல்லாம் கெடும்.

கவனித்தவை: 1955 முதல் 1960களின் தொடக்கம் வரை

கார் ரகசியமாகவே வளர்ந்தது. டீலர்களிடம் வேலை பார்த்த மெக்கானிக்குகளுக்கு இந்த அமைப்பில் போதிய பழக்கமில்லை. ஸ்பேனரும் கிரீஸும் தெரிந்த கைகளிடம், சில மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் நகரும் வால்வுகள் வந்து சேர்ந்தன. தண்டுக்கும் அதன் துளைக்கும் நடுவே ரப்பர் சீல் கிடையாது. உலோகத்தோடு உலோகம் உரசாமல் நகரும் அந்த இடைவெளியில் கசிகிற எண்ணெயே மசகு. சிட்ரோயனின் அசினியேர் ஆலையில் ஒவ்வொரு தண்டையும் அதற்கேற்ற துளையோடு ஜோடி பார்த்துச் சேர்த்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் அந்த ஜோடியை மாற்றிப் போட்டால் வால்வு போச்சு. ஒரு தூசி புகுந்தாலும் அப்படியே.

குழாய் இணைப்புகளில் கசிவு, சிக்கிக்கொண்ட வால்வு, மேலே எழ மறுத்து வழியில் படுத்துவிட்ட கார் என்று புகார்கள் வந்தன. கசிவுக்குக் கைவேலையும் சீலும் காரணம் என்று சொல்லிவிடலாம். பயிற்சி கூடக்கூட அது குறைந்தும் போனது. வால்வு சிக்குவது மட்டும் நின்றபாடில்லை. அதற்குக் காரணம் எண்ணெய்.

தொடக்கத்தில் ஊற்றியது விளக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட தாவர எண்ணெய். அந்தக் காலத்து பிரேக் ஆயில் எல்லாம் அப்படித்தான். இயற்கை ரப்பர் சீலை அது கெடுக்காது, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய் கெடுத்துவிடும். பிரேக்கும் அதே வழியில் ஓடும்போது, பிரேக்கில் கைதேர்ந்த ஒருவர் பிரேக் ஆயிலையே எடுத்தது இயல்பு. 1960களின் நடுவில் செயற்கை எண்ணெய் வந்தது, எல்.எச்.எஸ். என்று பெயர், சிவப்பு நிறம். அதுவும் பிரேக் ஆயில் குடும்பம்தான். இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்.

சாதாரண பிரேக்கில் இது பெரிய தொல்லை இல்லை. அங்கே எண்ணெய் அடைபட்டுக் கிடக்கும், தொட்டியில் மட்டம் அசையாது. டி.எஸ்.இல் நடந்ததைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இரவில் காரை நிறுத்தினால் வால்வுகளின் நுண்கசிவால் கார் மெல்ல உட்கார்ந்துவிடும். உருளைகளிலிருந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும், தொட்டியிலிருந்த காற்று மூச்சுத் துளை வழியே வெளியேறும். காலையில் எஞ்சினைப் போட்டதும் கார் எழும், முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம். எண்ணெய் போன இடத்துக்கு வெளிக்காற்று உள்ளே வரும், பனிக்காலத்து ஈரத்தோடு. மட்டம் பிடிக்கிற அதே குணத்தால் கார் தினமும் ஈரத்தைச் சுவாசித்தது. ஈரம் எண்ணெயில் சேர்ந்து எஃகில் துருவானது. சில மைக்ரான் இடைவெளிக்கு அந்தத் துருவே போதும்.

இடைப்பட்ட முடிவு: ஐ.டி. 19

1957-இல் விற்பனைக்கு வந்த ஐ.டி. 19 இந்த நிகழ்வில் அதிகம் பேசப்படாத, ஆனால் நிறையச் சொல்லும் கட்டம். அதே உடல், அதே சஸ்பென்ஷன். கியர், கிளட்ச், ஸ்டியரிங் மூன்றும் வழக்கமான முறைக்குத் திரும்பின, பிரேக்கும் எளிமையானது. விலையைக் குறைப்பதே நோக்கம். ஆனாலும் எண்ணெயிடம் வாங்கும் வேலையைக் குறைத்த கார் என்ற வகையில், 1955-இல் இதை முதலில் விட்டிருக்கலாமே என்ற கேள்வி எழாமல் இல்லை.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் காற்று சஸ்பென்ஷன் கொண்டுவந்தது. அங்கும் மட்டம் பிடிக்கும் வால்வு, அங்கும் கசிவும் ஈரமும். பல உரிமையாளர்கள் காற்றுப் பைகளைக் கழற்றிச் சுருள் ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். ஓரிரு ஆண்டில் நிறுவனமே கைவிட்டது. சிட்ரோயனால் அப்படிக் கழற்ற முடியாது, டி.எஸ்.இல் ஸ்பிரிங்குக்கு இடமே வைக்கவில்லை. பின்வாங்க வழி இல்லாததால்தான் இந்தத் தொழில்நுட்பம் பிழைத்தது என்று நினைக்கிறேன்.

நாலாம் முடிவு: பச்சை எண்ணெய்

1966 இலையுதிர்காலத்தில் எண்ணெய் மாறியது. எல்.எச்.எம். என்ற கனிம எண்ணெய், பச்சைச் சாயம் சேர்த்தது. ஈரத்தை உறிஞ்சாது, எஃகைத் துருவிலிருந்து காக்கும், மசகாகவும் நன்றாக வேலை செய்யும். ஆனால் அதைப் பழைய காரில் ஊற்ற முடியாது. சீல், சவ்வு என்று ரப்பர் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் கனிம எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பர் வேண்டும். எண்ணெயை மாற்றுவது என்றால் உள்ளே உள்ளதை எல்லாம் மாற்றுவது.

இங்கே எடுத்த ஒரு சின்ன முடிவு பாராட்டத் தக்கது. புதிய எண்ணெய்க் கார்களில் பாகங்களுக்கே பச்சைப் பெயின்ட் அடித்தார்கள், பழையவை கறுப்பு. பானட்டைத் தூக்கிய மெக்கானிக் கையேட்டைப் புரட்ட வேண்டாம், தொட்டியின் நிறத்தைப் பார்த்தால் போதும். அப்படியும் பச்சைத் தொட்டியில் பிரேக் ஆயிலை ஊற்றியவர்கள் உண்டு. அவர்களுடைய காரில் சீல்கள் ஊதிக் கெட்டு, முழு அமைப்பையும் கழுவிப் பிரித்து மாட்ட வேண்டியதாயிற்று. அமெரிக்காவுக்குப் போன கார்களில் மட்டும், அங்குள்ள பிரேக் விதிகள் கனிம எண்ணெயை அனுமதிக்காததால், 1969 வரை சிவப்பே தொடர்ந்தது.

விளைவு

பச்சை எண்ணெய்க்குப் பிறகு பழுதின் முகம் மாறியது. வால்வு சிக்குவது அரிதாகி, தேய்மானமே மிச்சமானது: உருண்டைகளில் நைட்ரஜன் சவ்வு வழியே மெல்லக் கசிந்து கார் கடினமாவது, ரப்பர்க் குழாய்கள் வயதாவது. இவை எதிர்பார்க்கக்கூடிய பழுதுகள். உருண்டையை மரையிலிருந்து கழற்றிப் புதியதைத் திருகினால் வேலை முடிந்தது. டி.எஸ். 1975 வரை ஏறத்தாழ 14.5 லட்சம் கார்களாக வெளிவந்தது. 1970-இல் ஜி.எஸ். என்ற சின்ன காருக்கும், 1974-இல் சி.எக்ஸ்.க்கும் இதே முறை போனது. 2 சி.வி.க்குக் கட்டுப்படியாகாமல் போனது, கால் நூற்றாண்டு கழித்து ஒரு லிட்டர் எஞ்சின் காருக்குக் கட்டுப்படியானது.

ரோல்ஸ்-ராய்ஸ் உரிமம் வாங்கி 1965-இல் தன் சில்வர் ஷேடோவில் பிரேக்குக்கும் மட்டம் பிடிப்பதற்கும் இந்த முறையைப் பயன்படுத்தியது. எஃகுச் சுருள் ஸ்பிரிங்கை எடுக்கவில்லை, எண்ணெய் மட்டத்தைத் திருத்தும் வேலையை மட்டும் செய்தது. முன்பக்கத்து மட்டத் திருத்தியைச் சில ஆண்டுகளிலேயே நீக்கிவிட்டார்கள். ஆனால் எண்ணெய் விளக்கெண்ணெய் கலந்த பிரேக் ஆயில்தான். கனிம எண்ணெய்க்கு அவர்கள் மாறியது 1980-இல், சில்வர் ஸ்பிரிட்டில். பாரிஸில் 1966-இல் கற்றது இங்கிலாந்துக்கு வர 14 ஆண்டு பிடித்தது.

2001-இல் வந்த சி5 என்ற காரில் சிட்ரோயன் பிரேக்கை இந்த எண்ணெய் வழியிலிருந்து பிரித்தது. பம்பை மின்மோட்டார் ஓட்டியது, எண்ணெய் சஸ்பென்ஷனோடு நின்றது. அந்த வரிசை 2017-இல் முடிந்தது. திருவள்ளூர் ஆலையில் பூட்டிய சி5 ஏர்கிராஸைப் பார்த்து அதே சஸ்பென்ஷன் என்று நினைப்பவர்கள் உண்டு. அதிலிருப்பது சாதாரணச் சுருள் ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரின் ஓட்டத்து முனைகளில் எண்ணெய்த் தடுப்பு சேர்த்திருக்கிறார்கள். பம்பும் இல்லை, மட்டமும் பிடிக்காது.

மாற்றியிருக்க வேண்டியவை

எண்ணெயைத் தேர்ந்த விதத்தை முதலில் மாற்றுவேன். பிரேக்குக்கு எது வழக்கம் என்று கேட்டதற்குப் பதிலாக, தினமும் வெளிக்காற்றை இழுக்கிற தொட்டிக்கு எது தாங்கும் என்று கேட்டிருக்க வேண்டும். கனிம எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பர் 1955-க்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. விலை கூடியிருக்கும், 11 ஆண்டு உத்தரவாத வேலையோடு ஒப்பிட்டால் அந்தக் கூடுதல் பெரிதாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு. அதுவரை பொறுக்க முடியாது என்றால் தொட்டியின் மூச்சுத் துளைக்கு ஓர் ஈரம் உறிஞ்சும் வடிகட்டியாவது வைத்திருக்கலாம். முழுத் தீர்வாக இருந்திருக்காது, பழுதைத் தள்ளிப்போட்டிருக்கும்.

விற்பனை வரிசையையும் மாற்றுவேன். 15-சிக்ஸுக்கு அடுத்து ஐ.டி. போன்ற ஒரு கார், அதில் இரண்டு குளிர்காலம், அதற்குப் பிறகு முழு டி.எஸ். மெக்கானிக்குகளின் கையும் அதற்குள் பழகியிருக்கும்.

பிரேக்கைப் பொறுத்தவரை எனக்கே முழுத் தெளிவு இல்லை. தனியாகப் பிரித்திருந்தால் ஓட்டுகிறவருக்கு அச்சம் குறைந்திருக்கும். ஆனால் பாரமறிந்து பிரியும் பிரேக் என்ற லாபம், எண்ணெய் ஒன்றாக இருந்ததால்தான் அவ்வளவு எளிதாகக் கிடைத்தது. சி5-இல் பிரிக்க முடிந்ததற்கு அந்த வேலையை மின்னணு எடுத்துக்கொண்டதும் ஒரு காரணம். 1955-இல் அந்த வசதி இல்லை. அன்று அந்த மேசையில் நான் இருந்திருந்தாலும் பிரேக்கை அதே குழாயில்தான் விட்டிருப்பேன், எண்ணெயை மட்டும் மாற்றி.